இறுகிய மரையை இளக்குதல்

மோட்டார் எஞ்சினின் மேல்மூடியைச் சிலிண்டர்த் தலை என்பர். அதனை எஞ்சினின் அடிப்பகுதியோடு பிணைத்து நிறுத்துபவை சில ஆணிகளும் அவற்றின் மேல் திருகிய மரைகளுமே. புதிய வண்டியில் அவற்றைக் கழற்றுதல் சிறிது நேர வேலை. ஐம்பது, அறுபது ஆண்டு பழகிய வண்டியிலோ அவ்வேலை நான்கு நாளையும் விழுங்கிவிடும். பொறுமை இழந்தோரிடம் எஞ்சினையே பலி வாங்கும். கடற்காற்றும் மழையீரமும் மிகுந்த கோல சிலாங்கூர் வட்டாரத்தில் பழைய வண்டி வைத்திருப்போர் இதனை நன்கு அறிவர். ஒரு சிறு மரை ஏன் இவ்வளவு பிடிவாதம் செய்கிறது? அதனை முறிக்காமல் இளக்குவது எவ்வாறு? இவ்விரு வினாக்களுக்கும் விடை இயற்பியலிலும் வேதியியலிலும் இருக்கிறது. அவ்விடையைக் கையால் கண்டுணர்ந்தவர் பட்டறைத் தொழிலாளர்.

வட்டாரமும் வண்டியும்

சிலாங்கூர் ஆறு கடலோடு கலக்குமிடத்தில், புக்கிட் மெலாவத்திக் குன்றின் அடியில் அமைந்தது கோல சிலாங்கூர். அவ்வட்டாரத்தில் புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், 2007ஆம் ஆண்டு முதல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தாய் ஆகிய ஊர்களைச் சூழ்ந்து தோட்டங்கள் பரந்துள்ளன. மலேசியாவில் செம்பனை முதன்முதலாக வாணிக நோக்கோடு பயிரிடப்பட்ட தென்னமரம் தோட்டம் இங்கேதான் உள்ளது. 1917இல் அதனைத் தொடங்கியவர் பிரெஞ்சு நாட்டவரான ஹென்றி பொக்கோனியே. பின்னாளில் 'மலேசி' என்ற புதினம் எழுதி, 1930ஆம் ஆண்டிற்குரிய கோன்கூர் பரிசைப் பெற்றவரும் அவரே. தோட்டத்தின் பெயரோ தமிழ்ச் செவிக்கு வேறு விளக்கம் வேண்டாதது.

கித்தாத் தோட்டமாயினும் செம்பனைத் தோட்டமாயினும், பெரிய தோட்டங்களுக்குத் தொழிற்சாலை உண்டு. தொழிற்சாலைக்கு ஒரு பட்டறையும் உண்டு. பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பகுதியில் வெள்ளீயம் தோண்டிய கப்பல்களுக்கும் பட்டறைகள் வேண்டியிருந்தன. எஞ்சின், லோரி, நீரிறைக்கும் பொறி, துரையின் மோட்டார் வண்டி ஆகிய அனைத்தும் பழுது பார்க்கப்பட்ட இடங்கள் இவை. கோலாலம்பூர் 60 கிலோமீட்டருக்கு மேல் தொலைவு. அங்கிருந்து ஓர் உறுப்பு வந்துசேரும்வரை வண்டி அசையாது. ஆதலின் முறிக்காமல் கழற்றுதல் தோட்டப் பட்டறையில் ஒரு தேவை. வெறுந்திறமையைக் காட்டும் செயலன்று.

அக்காலத்தில் மலாயாச் சாலைகளில் பெருவழக்காக இருந்த வண்டிகளுள் ஒன்று மோரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்த இவ்வண்டி 1948இல் வெளிவந்து, 1971வரை உற்பத்தியில் இருந்தது. 1952 முதல் அதில் 'ஏ-சீரிஸ்' என்னும் எஞ்சின் பொருத்தப்பட்டது. முதலில் 803 கன சென்டிமீட்டர், 1956இல் 948, 1962இல் 1098 என அதன் கொள்ளளவு வளர்ந்தது. பழைய வண்டிகளைப் பேணுவோரிடம் இவ்வெஞ்சின் இன்றும் மிகுதி. எனவே ஈண்டு எடுத்துக்காட்டுகளுக்கு அதனையே கொள்ளலாம்.

தலையை ஆணி பிடிக்கும் விதம்

ஏ-சீரிஸ் எஞ்சினின் தலையைப் பிடிப்பவை ஸ்டட்டு எனப்படும் தலையில்லா ஆணிகள். அவற்றின் ஒரு முனை, பிளாக்கு என வழங்கும் வார்ப்பிரும்பு அடிப்பகுதியில் திருகப்பட்டிருக்கும். மறுமுனை தலையின் துளை வழியே மேலெழுந்து நிற்க, அதன்மேல் மரை இறுக்கப்படும். இத்தகைய மரைகள் ஒன்பது. அவற்றுள் நான்கு, வால்வுகளை இயக்கும் ராக்கர்த் தண்டையும் உடன் பிடிப்பவை. வேறு சில எஞ்சின்களில் ஸ்டட்டு இராது. தலையுள்ள போல்ட்டே நேராகப் பிளாக்கில் இறங்கும். இவ்வேறுபாட்டை முதலில் அறிதல் வேண்டும். மரையாயின் இறுகிய இடம் கண்ணுக்கு எதிரே உள்ளது. எண்ணெயும் வெப்பமும் அங்கே எட்டும். போல்ட்டாயின் இறுகிய புரி பிளாக்கின் ஆழத்தில் மறைந்துகிடக்கும்.

ஆணியை இறுக்கும்போது அது சிறிதளவு நீள்கிறது. நீண்ட ஆணி மீண்டும் சுருங்க முயல்கிறது. அம்முயற்சியே தலையைப் பிடிக்கும் விசையாகிறது. ஏ-சீரிஸ் எஞ்சினின் மரைக்குக் குறிக்கப்பட்ட முறுக்கு 40 பவுண்டு-அடி. முக்கால் அங்குலத்திற் பாதியான விட்டமுள்ள அவ்வாணியில், உராய்வு வழக்கமான அளவில் இருப்பின், இம்முறுக்கு ஏறத்தாழ 6,400 பவுண்டு இழுவிசையைத் தரும். ஒன்பது ஆணிகளும் சேர்ந்தால் ஏறத்தாழ 25 டன். எரிவாயுவின் அழுத்தம் தலையைத் தூக்கிவிடாமல் காப்பது இவ்விசையே.

இதில் வியப்புக்குரியது ஒன்றுண்டு. மரையை இறுக்கச் செலவாகும் முறுக்கில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே ஆணியை இழுக்கப் பயன்படுகிறது. மற்றதில் பாதிக்கு மேல் மரையின் அடிப்புறத்து உராய்விலும், எஞ்சியது புரிகளுக்கிடையே உள்ள உராய்விலும் கழிகின்றது. ஆகவே, தூய்மையான மரையைக் கழற்ற, அதனை இறுக்கியதினும் சற்றுக் குறைந்த முறுக்கே போதும். சாய்வான புரியும் கழல்வதற்கே துணைசெய்யும். ஆனால் உராய்வு மும்மடங்கானால் கழற்றும் முறுக்கும் ஏறக்குறைய மும்மடங்காகும். ஆணியின் வலிமையோ கூடுவதில்லை. துருவினால் குறைந்திருக்கவும் கூடும். மரை அசையும் முன்னே ஆணி முறிவது இதனால்தான்.

இறுகுவதற்குக் காரணம்

முதற்காரணம் துரு. இரும்பு, நீரோடும் காற்றிலுள்ள உயிர்வளியோடும் கூடித் துருவாகும்போது, முன்னிருந்ததைப்போல் இரண்டு மடங்கிற்கும் மிகுதியான இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. திறந்த வெளியில் அது செதில் செதிலாக உதிரும். மரைக்கும் ஆணிக்கும் இடையே உள்ள மயிரிழை இடைவெளியில் உதிர வழியில்லை. ஆப்பு அடித்தாற்போல் இறுகும். உப்புக் கலந்த ஈரம் இதனை விரைவுபடுத்தும். கடலோரத்து வண்டி, மலைப்பாங்கான உள்நாட்டு வண்டியைவிட விரைவில் துருப்பிடிப்பது இதனாலேயே.

இரண்டாவது காரணம், எஞ்சினின் சூடும் குளிர்ச்சியும். ஒவ்வொரு பயணத்திலும் உலோகம் விரிந்து சுருங்குகிறது. கசிந்த எண்ணெய் வெந்து அரக்குப்போல் ஒட்டிக்கொள்கிறது. தலைக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள கேஸ்கட்டு பழுதாயின், குளிர்விக்கும் நீர் ஆணியின் துளைக்குள் கசிந்து, ஆணி நெடுகிலும் துருவை நிரப்புகிறது. அப்பொழுது மரை கழன்றாலும் தலை எழாது.

மூன்றாவது காரணம் இரு வேறு உலோகங்களின் சேர்க்கை. சில எஞ்சின்களில் பிளாக்கு இரும்பாலும் தலை அலுமினியத்தாலும் ஆயவை. 1948இல் வந்த ஜாகுவார் எக்ஸ்கே எஞ்சின் இவ்வகையினது. இரும்பும் அலுமினியமும் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால், அங்கே ஒரு சிறு மின்கலம் உண்டாகிறது. அதில் அழிவது அலுமினியம். அழிந்த அலுமினியம் வெண்மையான மாவாகி, ஆணியைச் சூழ்ந்து கெட்டிப்படுகிறது. இரும்புத் துருவினும் இதனை இளக்குவது கடினம்.

திருகும் திசை

சாதாரண மரை, அதனை நேர்நோக்கி நிற்பவருக்கு, கடிகார முள் செல்லும் திசையில் திருகினால் இறுகும். எதிர்த்திசையில் திருகினால் கழலும். எஞ்சினுக்கு அடியில் படுத்துக்கொண்டோ, பின்புறமிருந்து கையை நீட்டியோ வேலை செய்யும்போது திசை மயங்குதல் எளிது. கழற்றுவதாக எண்ணி இறுக்கி, ஆணியை முறித்தோர் பலர்.

தமிழ் அறிந்தோருக்கு இங்கே ஒரு சுவையான சிக்கல் உண்டு. திருகாணியின் புரியை வலம்புரி, இடம்புரி என்று பிரித்துக் கூற மனம் விழையும். ஆனால், கடையில் கிடைக்கும் சாதாரண ஆணியின் புரி எவ்வாறு சுற்றிச் செல்கிறதோ, அவ்வாறே சாதாரணச் சங்கின் புரியும் சுற்றிச் செல்கிறது. அச்சங்கையோ தமிழர் இடம்புரி என்பர். அரிதாகக் கிடைக்கும் வலம்புரிச் சங்கு, இடப்பக்கம் திருகினால் இறுகும் அரிய ஆணியை ஒத்தது. பொறியியலார் 'வலக்கைப் புரி' என்பதும் சங்கறிந்தோர் 'வலம்புரி' என்பதும் எதிரெதிரானவை. பாடம் நடத்தும் ஆசிரியர் 'வலத்தே திருக இறுகுவது' என்று விரித்துரைப்பதே மயக்கம் தராது.

சாவியின் அளவு

மரையின் மூலைகள் மழுங்கிவிட்டால் பாதி வழி அடைபட்டது போலாகும். ஆகவே ஸ்பேனரின் அளவைத் தெரிந்து எடுத்தல் இன்றியமையாதது. பிரிட்டிஷ் வண்டிகளில் இவ்வகையில் மூன்று தலைமுறைக் குழப்பம் உண்டு. 1841இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த புரியில் பள்ளத்தின் கோணம் 55 பாகை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் ஒத்துக்கொண்ட பொதுப்புரியில் அது 60 பாகை. விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண் ஆணியின் விட்டத்தைக் குறிக்கும். புதிய முறையில் அது மரையின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே உள்ள அகலத்தைக் குறிக்கும். ஒரே எண் பொறித்த இரு ஸ்பேனர்கள் அளவில் வேறுபடுவது இதனால்தான்.

1948இல் வந்த முதல் மோரிஸ் மைனரின் பக்கவால்வு எஞ்சினில் இன்னொரு விந்தை. அதன் ஆணிகளின் புரி மெட்ரிக் அளவினது. மரையின் தலையோ விட்வொர்த் ஸ்பேனருக்கு ஏற்றது. மோரிஸ் நிறுவனம் 1923இல் வாங்கிய ஹாட்ச்கிஸ் என்னும் பிரெஞ்சு நிறுவனத்தின் கவென்ட்ரித் தொழிற்சாலையிலிருந்து தொடர்ந்த வழக்கம் இது. புரி பொருந்தாத மரையை அதில் வலிந்து திருகினால் ஆணி கெடும்.

ஏ-சீரிஸ் எஞ்சினின் தலைமரைக்கு வேண்டியது ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒன்பது பங்கு அகலமுள்ள ஸ்பேனர், அதாவது 14.3 மில்லிமீட்டர். இன்றைய பட்டறைகளில் உள்ளவை பெரும்பாலும் மெட்ரிக் ஸ்பேனர்கள். 14 உள்ளே நுழையாது. 15 தளர்ந்து வழுக்கும். 15ஐ எடுத்து மூலையை மழுக்குவதே இக்காலத்தில் பெரிதும் காணும் தவறு. வாய்திறந்த ஸ்பேனர் இரு மூலைகளை மட்டுமே பற்றும். ஆறு பக்கமும் அணைந்து பிடிக்கும் சாக்கெட்டு இதற்கு ஏற்றது.

இளக்கும் முறை

முதலில் பேட்டரியின் இணைப்பை நீக்கி, எஞ்சின் முற்றும் குளிர்ந்தபின் ரேடியேட்டர் நீரை வடித்துவிட வேண்டும். கார்புரேட்டர், புகைக்குழாய், நீர்க்குழாய் முதலியவற்றை அகற்றிய பின், ஆணிகளின் மேலுள்ள அழுக்கையும் துருவையும் கம்பித்தூரிகையால் தேய்த்து நீக்க வேண்டும். வெளியே தெரியும் புரியில் ஒட்டிய துரு, மரை மேலேறி வரும்போது இடையில் சிக்கி மறுபடியும் இறுகச் செய்யும். ஆதலின் இத்தூய்மை வேலையைச் சிறிதென்று கருதலாகாது.

அடுத்தது எண்ணெய். தடித்த எஞ்சின் எண்ணெய் மயிரிழை இடைவெளியில் இறங்காது. மெல்லிய எண்ணெய் வேண்டும். மண்ணெண்ணெய் பழைய முறை. துரு இளக்குவதற்கென்றே செய்த ஊடுருவும் எண்ணெய்கள் அதனினும் சிறந்தவை. எங்கும் கிடைக்கும் 'டபிள்யூ-டி 40' என்பது 1953இல் அமெரிக்காவில் நீரை விலக்குவதற்காக ஆக்கப்பட்டது. இளக்கும் பணியில் அது இடைத்தரமே. எந்த எண்ணெயாயினும் நாளைக்கு இரண்டு முறை விட்டு, மூன்று நான்கு நாள் ஊறவிடுதல் நன்று. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது எவ்வாறோ, அவ்வாறே புரியின் இடுக்கில் எண்ணெய் தானே ஊர்ந்து செல்லும். அதற்குக் காலம் கொடுத்தல் வேண்டும்.

ஒவ்வொரு முறை எண்ணெய் விட்டபின்னும், மரையின் தலைமேல் பித்தளைத் துண்டு ஒன்றை வைத்துச் சுத்தியலால் பலமுறை தட்ட வேண்டும். துரு அழுத்தத்தைத் தாங்கும்; அதிர்ச்சியைத் தாங்காது. அது நொறுங்க, நொறுங்கிய விரிசலில் எண்ணெய் இறங்கும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்ற பழமொழிக்கு இதனினும் நேரான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. ஆணியின் முனையை நேரே அடித்தலாகாது. புரி நசுங்கினால் மரை வெளிவராது.

பின்னர் ஸ்பேனரைப் பூட்டலாம். முதல் அசைவு கழற்றும் திசையில் இருக்கவேண்டுவதில்லை. சிறிதே இறுக்கும் திசையில் முயன்றால், துருவின் பிடி சில வேளைகளில் முதலில் அங்கே விடுபடும். விடுபட்டபின் கால் சுற்றுக் கழற்றி, மீண்டும் சிறிது இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடியும் கழற்றுதல் வேண்டும். கிறீச்சென்ற ஒலியோடு திடீரென விடுபட்டால் நன்று. ஒலியின்றி, மெழுகைத் திருகுவதுபோல் இளகலாகச் சுற்றினால், அங்கே மரை கழலவில்லை. ஆணி முறுக்குண்டு நீள்கிறது என்று பொருள். அப்பொழுதே கையை எடுத்துவிட வேண்டும்.

இங்கே நெம்புகோலின் அபாயத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓர் அடி நீளமுள்ள ஸ்பேனரை 50 பவுண்டு விசையோடு இழுப்பவர் 50 பவுண்டு-அடி முறுக்கைத் தருகிறார். அதே ஸ்பேனரில் குழாய் மாட்டி நான்கடியாக நீட்டினால், அதே இழுப்பு 200 பவுண்டு-அடியாகும். குறித்த அளவினும் அது ஐந்து மடங்கு. இழுப்பவருக்கோ வேறுபாடே தெரியாது. நீண்ட குழாய் வலிமையைத் தருகிறது. ஆனால் ஆணி கையோடு பேசும் பேச்சை மறைத்துவிடுகிறது.

ஒன்பது மரைகளையும் ஒரே மூச்சில் கழற்றலாகாது. ஓரங்களிலிருந்து தொடங்கி நடுவை நோக்கி, ஒவ்வொன்றையும் கால் சுற்று வீதம் பலமுறை தளர்த்திவர வேண்டும். ஒரு பக்கம் முற்றும் தளர்ந்து மறுபக்கம் இறுகி நின்றால் தலை வளையும். ராக்கர்த் தண்டைப் பிடிக்கும் மரைகளும் இவ்வரிசையிலேயே மற்றவற்றோடு தளர வேண்டும்; தனியே தளர்த்தினால் தண்டு கோணும்.

எண்ணெய்க்கும் இணங்காத மரைக்கு வெப்பம் மருந்து. உருக்கு, ஒரு பாகை வெப்பத்திற்குப் பத்து லட்சத்தில் ஏறத்தாழப் பன்னிரண்டு பங்கு விரியும். பத்து மில்லிமீட்டர் துளையுள்ள மரை 200 பாகை சூடேறினால், துளை ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு அகலும். இது சிறிதாயினும் துருவின் பிடியை உடைக்கப் போதும். மரையை மட்டும் விரைந்து சுடவேண்டும். ஆணியும் உடன் சூடேறினால் பயனில்லை. சுட்ட மரையில் மெழுகுவத்தியைத் தொட்டால், மெழுகு உருகிப் புரிக்குள் இழுபட்டு எண்ணெயின் வேலையைச் செய்யும். பெட்ரோல் உறுப்புகளை அகற்றாமலும், ஊறிய எண்ணெயைத் துடைக்காமலும் தீயைக் கொண்டுவருதல் கூடாது. வார்ப்பிரும்பை ஓரிடத்தில் மட்டும் மிகச் சுட்டால் அது வெடிக்கும் என்பதையும் மறத்தலாகாது.

இதற்கும் இணங்காவிடில் மரையைத் தியாகம் செய்து ஆணியைக் காப்பதே அறிவுடைமை. மரையின் ஒரு பக்கத்தை ஆணிக்கு இணையாக அறுத்தோ, மரைபிளக்கும் கருவியால் பிளந்தோ எடுத்துவிடலாம். மரையின் விலை சில காசு. பிளாக்கின் விலை அத்தகையதன்று.

தலை எழாதபோது

மரைகள் கழன்றபின்னும் தலை அசையாதிருந்தால், இடைவெளியில் உளியையோ திருப்புளியையோ செருகி நெம்பும் ஆசை எழும். அது தலையின் சமதளத்தைக் கீறி, பின்னர் நீர்க் கசிவுக்கு வழி செய்யும். இதற்குச் செம்மையான வழி எஞ்சினின் வலிமையையே பயன்படுத்துவது. மரைகளைச் சில சுற்று மட்டும் ஆணியில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக்குகளைப் பூட்டியபடியே, தீப்பொறி இணைப்பைத் துண்டித்துவிட்டு, எஞ்சினைக் கைச்சாவியால் சுழற்றினால், உள்ளே அடைபட்ட காற்று அழுந்தித் தலையை மேலே தள்ளும். ராக்கர்த் தண்டு அகற்றப்பட்டிருப்பதால் வால்வுகள் அனைத்தும் மூடியே இருக்கும். அழுத்தம் போதாவிடின், பிளக்குத் துளை வழியே பருத்திக் கயிற்றைச் சிலிண்டருக்குள் நிரப்பி, கயிற்றின் நுனியை வெளியே விட்டு, மெல்லச் சுழற்றலாம். பிஸ்டன் கயிற்றை அழுத்த, கயிறு தலையைத் தூக்கும். மரைகள் ஆணியில் நிற்பதால் தலை துள்ளி விழாது.

ஆணி முறிந்தால்

இத்தனைக்குப் பின்னும் ஆணி முறிவதுண்டு. முறிந்த துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதன்மேல் ஒரு மரையை வைத்து வெல்டிங் செய்து, ஆறும் தறுவாயில் திருகலாம். வெல்டிங்கின் வெப்பமே பாதி வேலையைச் செய்துவிடும். புரி கெடாமல் நீண்டு நின்றால், இரண்டு மரைகளை ஒன்றன்மேல் ஒன்று இறுக்கிக் கீழ்மரையைத் திருகினால் ஆணி முழுதும் வெளிவரும்.

பிளாக்கின் மட்டத்திலோ அதற்குக் கீழோ முறிந்தால் வேலை நுட்பமானது. துண்டின் நேர்நடுவில் குறியிட்டு, இடப்பக்கம் சுழலும் துளைக்கருவியால் துளைக்க வேண்டும். பல வேளைகளில் துளைக்கும்போதே துண்டு சுழன்று வெளியேறும். நடு தவறினால் பிளாக்கின் புரி சிதையும். ஆழம் மிகுந்தால் நீரறை துளைபடும். துண்டைப் பிடுங்கும் திருகுக் கருவியை மிகவும் அழுத்தலாகாது. அது கடினமான உருக்கு. உள்ளே முறிந்தால் சாதாரணத் துளைக்கருவி அதனைத் தொடவும் முடியாது. கெட்ட புரிக்குச் சுருள்கம்பிப் புரி பதித்துப் புதுவாழ்வு தரலாம்.

அலுமினியத்தில் இரும்பு ஆணி முறிந்தால் ஒரு பழைய வேதியியல் வழியும் உண்டு. நாவிதர் கடையில் காணும் படிகாரத்தைச் சுடுநீரில் கரைத்து அதில் அப்பகுதியை ஊறவைத்தால், கரைசல் இரும்பைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடும். அலுமினியத்திற்குத் தீங்கு செய்யாது. கடிகாரம் பழுதுபார்ப்போர் நெடுங்காலமாகக் கையாளும் முறை இது. இரும்புப் பிளாக்குக்கு இது ஆகாது. கரைசல் இரண்டையும் ஒன்றாகவே தின்னும்.

பிளாக்கைக் காப்பதில் பணம் மட்டுமன்றி வேறொரு பொருளும் அடங்கியுள்ளது. எஞ்சினில் பொறித்த எண், வண்டியின் பதிவு ஆவணத்தில் எழுதப்பட்டுள்ளது. பிளாக்கு போயின் அந்த எண்ணும் போகும். வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்த அதே வண்டி என்னும் சான்றும் போகும்.

மீண்டும் பூட்டுதல்

தலையை எடுத்தபின் பழைய கேஸ்கட்டைச் சுரண்டுவதில் எச்சரிக்கை வேண்டும். அக்காலக் கேஸ்கட்டுகள் பல, கல்நார் கலந்தவை. கல்நார்த் தூசி நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகட்குப் பின் புற்றுநோயைத் தரக்கூடியது என்பது இன்று ஐயமற நிறுவப்பட்டுள்ளது. உலர்ந்த நிலையில் சுரண்டுவதும் காற்றால் ஊதுவதும் தகா. நனைத்தே நீக்க வேண்டும். முன்னாளில் பட்டறைகளில் இதனை அறியாமல் ஊதித் தள்ளியோர் பலர்.

ஆணித்துளைகளில் எண்ணெயோ நீரோ தேங்கியிருத்தல் கூடாது. அடைபட்ட துளையில் ஆணி இறங்கும்போது நீர்மம் நசுங்காது, பிளாக்கே விரியும். தலையின் சமதளத்தை நேர்விளிம்புச் சட்டம் வைத்துச் சோதித்து, புதிய கேஸ்கட்டை அமைத்து, நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி, இரண்டு மூன்று தவணைகளில் குறித்த முறுக்குவரை இறுக்க வேண்டும். சிறிது தூரம் ஓடியபின் எஞ்சின் குளிர்ந்த நிலையில் மறுபடியும் சோதித்தல் நன்று. அடுத்த முறை திறப்பவருக்கு இவ்வளவு துன்பம் நேராதிருக்க, வெளியே நிற்கும் புரிக்குச் சிறிது கொழுப்புத் தடவி வைத்தல் போதும்.

சொல்லும் தொழிலும்

இத்தொழிலின் சொற்கள் பல மொழியின. ஸ்பேனரும் போல்ட்டும் ஆங்கிலத்தின. பட்டறையை மலாய் மொழியில் 'பெங்கேல்' என்பர். அது டச்சு மொழியிலிருந்து வந்தது. அதே மலாய் மொழி கடைக்கு வழங்கும் 'கெடை' தமிழிலிருந்து சென்றது. மரை, புரி, திருகு, உளி, ஆப்பு ஆகியவை தமிழின் சொந்தச் செல்வங்கள். நிலைதடுமாறிப் பேசுவோனை 'மரை கழன்றவன்' என்று சொல்லும் வழக்கு, இக்கருவி தமிழர் வாழ்வில் எவ்வளவு ஊன்றியது என்பதைக் காட்டும்.

தோட்டங்கள் கித்தாவிலிருந்து செம்பனைக்கு மாறின. 1985இல் உலக வெள்ளீயச் சந்தை சரிந்தபின் ஈயக் கப்பல்களும் ஓய்ந்தன. தொழிலாளர் குடும்பங்கள் பல நகர்ப்புறம் பெயர்ந்தன. பட்டறையில் கைவழியாகக் கற்ற அறிவு நூலில் ஏறாமலே அவர்களோடு சென்றது. எத்தனை நாள் ஊறவிடுவது, எவ்வொலி கேட்டால் நிறுத்துவது, எங்கே தட்டுவது என்பவை அவ்வறிவின் பகுதிகள். அவற்றை அறிந்த முதியோர் இன்னும் இருக்கின்றனர். தமிழ்ப்பள்ளி மாணவர் ஒருவர் தம் பாட்டனாரிடம் ஒரு பழைய மரையைக் காட்டி, அதன் பெயரும் அதனைக் கழற்றும் விதமும் கேட்டு எழுதி வந்தால், அப்பக்கத்தில் உராய்வும் விரிவும் துருவும் உண்மைப் பொருள்களாக நிற்கும். வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் இயற்பியலுக்கு அதுவே ஏற்ற துணைப்பாடம். பதறாத காரியம் சிதறாது என்பதை அம்மாணவர் அதன்பின் மனப்பாடம் செய்ய வேண்டியிராது.